பள்ளிக்கரணையில் கரைப்பறவைகளைப் பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு முதன்முறை வருகிறவர்களில் பலரும் பூநாரையைத் தேடியே வருகிறார்கள். தொலைவிலிருந்தே தெரியும் உயரமும் இளஞ்சிவப்பு நிறமும் கொண்ட பறவை என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அதன் கால்களைச் சுற்றிச் சேற்றின் நிறத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் கரைப்பறவைகளான உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் மூக்கன்களையும் பார்க்காமலே அவர்கள் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். அவற்றில் பல சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிப்பவை. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இந்தச் சதுப்புநிலம், குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் தன் பெரும்பகுதியைப் பறிகொடுத்துவிட்டது. 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எஞ்சிய இந்த இடத்தில் பார்வையாளர்கள் செய்யும் தவறுகளில் சில அவர்களுக்கு மட்டுமே இழப்பைத் தருகின்றன. வேறு சில பறவைகளுக்கே கேடு விளைவிக்கின்றன.

முதல் தவறு, நீர்மட்டத்தைக் கருதாமல் புறப்படுவது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், “ஏரி நிரம்பிவிட்டது, பறவைகள் வந்திருக்கும்” என்று டிசம்பரில் வருகிறவர்கள் நாமக்கோழிகளையும் வாத்துகளையும் கண்டுவிட்டு, உள்ளான்கள் இந்த ஆண்டு வரவில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நீந்தும் பறவைக்கு நீர் நிறைந்திருக்க வேண்டும். நடந்து இரை தேடும் பறவைக்கோ நீர் வடிந்திருக்க வேண்டும். சிட்டுக்குருவி அளவே இருக்கும் கொசு உள்ளானால் ஒன்றிரண்டு விரற்கடைக்கு மேல் ஆழமுள்ள நீரில் நடந்து மேய இயலாது. நெடுங்கால் உள்ளானின் சிவந்த கால்கள் ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருப்பதால், அது இன்னும் சற்று ஆழத்தில் நடக்கும். ஆகவே, மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வடிந்து, விளிம்புகளில் ஈரச்சேறு வெளிப்படத் தொடங்கும் சனவரி முதல் மார்ச் வரையிலான காலமே இவற்றைப் பார்க்கச் சிறந்தது. மழைக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களும் நல்லவையே. அப்போது வடக்கிலிருந்து முதலில் வந்து சேரும் முதிர்ந்த பறவைகளின் உடலில் இனப்பெருக்கக் காலத்துச் செம்மை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள் அவற்றுக்குப் பின்னரே வந்து சேரும்.

கடலோர முகத்துவாரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அடையாற்று முகத்துவாரத்திலோ கோவளத்திலோ மழையைவிட ஓதமே, அதாவது கடல்நீரின் ஏற்றமும் வற்றமுமே, முக்கியம். வற்றம் முழுமையாக இருக்கும்போது பறவைகள் எட்டாத தொலைவுவரை சேற்றில் சிதறி மேயும். நீர் ஏற ஏற அவை கரைப்பக்கம் ஒதுங்கும். ஏற்றம் தொடங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு செல்வது நல்லது.

அடுத்தது வெயிலின் திசை. துரைப்பாக்கம்–பல்லாவரம் ஆரச்சாலை சதுப்புநிலத்தை ஏறத்தாழ கிழக்கு மேற்காக அறுத்துச் செல்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், சாலையிலிருந்து வடக்கு நோக்கிப் பார்த்தால் பறவையின் மேல் ஒளி விழும். தெற்கு நோக்கினால் எல்லாமே கரிய நிழலுருக்களாகத் தெரியும். நிழலுருவைக் கொண்டு பெயர் சொல்ல முயல்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழுந்து, விலையுயர்ந்த தொலைநோக்கியில்கூட உருவங்கள் நடுங்கத் தொடங்கும். ஆகவே விடிந்ததும் போய்விட வேண்டும். அந்தச் சாலையில் வண்டிகள் விரைந்து செல்வதால், கண்களைப் பைனாகுலரில் வைத்தபடி சாலையோரத்தில் நகர்வதும் கூடாது. நின்று பார்க்க வேண்டும். நகரும்போது பைனாகுலரை இறக்கிவிட வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறுக்கு வருகிறேன். மரங்கொத்தியையும் மீன்கொத்தியையும் பார்த்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் கரைப்பறவைகளையும் நிறத்தை வைத்து அடையாளம் காண முற்படுகிறார்கள். நம் ஊரில் குளிர்காலத்தைக் கழிக்கும்போது பெரும்பாலான உள்ளான்கள் மேலே சாம்பலும் பழுப்பும், கீழே வெண்மையுமாகவே இருக்கும். கால்களின் நிறத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது; சேறு அப்பினால் மஞ்சள் காலும் சிவப்புக் காலும் ஒன்றுபோலக் கறுத்துத் தெரியும். நான் தொடங்கிய காலத்தில், செம்மஞ்சள் கால்களோடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு பறவையைப் பவளக்காலி என்று குறிப்பேட்டில் உறுதியாக எழுதிவைத்தேன். அது பேதை உள்ளான் என்பதை அது பறந்தபோதுதான் உணர்ந்தேன். பவளக்காலி பறக்கையில் இறக்கையின் பின்விளிம்பு அகன்ற வெள்ளைப் பட்டையாக விரியும்; பேதை உள்ளானுக்கு அது கிடையாது, மாறாக வால் தொடங்கும் இடத்தில் மேற்புறத்தில் இருபக்கமும் நீள்வட்டமாக இரு வெள்ளைத் திட்டுகள் தெரியும். பேதை உள்ளானில் ஆண் பெண்ணைவிட நன்றாகவே பெரியது. வயதுக்கேற்பக் காலின் நிறமும் மாறும். ஒரே கூட்டத்தில் நிற்கும் ஒரே இனத்தை இரண்டு மூன்று இனங்களாக எழுதிவிடும் ஆபத்து இதனால்தான் நேர்கிறது.

நிறத்துக்கு முன் பார்க்க வேண்டியது அந்தப் பறவை என்ன செய்கிறது என்பதையே. உப்புக்கொத்திக்குப் பெரிய கண்ணும் குட்டை அலகும் உண்டு. அது பார்த்து இரை பிடிக்கும் பறவையாதலால், சில அடிகள் ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். கொசு உள்ளான் நிற்பதே அரிது. தலையைக் குனிந்தபடியே தையல் இயந்திரத்தின் ஊசிபோல விடாமல் கொத்திக்கொண்டு நகரும். கருவால் மூக்கன் தன் நீண்ட அலகை அடிவரை சேற்றில் புகுத்தித் துழாவும். சில வேளைகளில் முகமே நீருக்குள் மறைந்துவிடும். நெடுங்கால் உள்ளான் நீரின் மேற்பரப்பிலிருந்து நளினமாகப் பொறுக்கி எடுக்கும். கோணமூக்கு உள்ளான் மேல்நோக்கி வளைந்த அலகை இடமும் வலமுமாக அரிவாள் வீசுவதுபோல வீசி நடக்கும். இந்த நடைகளைப் பத்து நிமிடம் பார்த்தாலே, நூலைத் திறப்பதற்கு முன்பாகப் பாதி அடையாளம் கைக்கு வந்துவிடும்.

எல்லோரையும் குழப்பும் மூன்றை எடுத்துக்கொள்வோம்: வெறுமனே உள்ளான் என்றே அழைக்கப்படுவது, பொரி உள்ளான், கறுப்பு உள்ளான். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவினவை. உள்ளான் நிற்கும்போதும் நடக்கும்போதும் பின்புறத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும்; மார்புக்கும் இறக்கையின் வளைவுக்கும் இடையே வெள்ளை நிறம் ஆப்புப்போல மேலேறியிருக்கும்; எழுந்தால் நீரை ஒட்டித் தாழ்வாக, விறைத்த இறக்கைகளைச் சிறு சிறு துடிப்புகளாக அடித்துச் செல்லும். பொரி உள்ளானின் முதுகில் பொரி தூவியதுபோல வெளிர்புள்ளிகள் நிறைந்திருக்கும். வெண்புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். திறந்த சேற்றில் பலவாக மேயும். கறுப்பு உள்ளானின் புருவம் கண்ணோடு நின்றுவிடும். முதுகு நன்றாகக் கறுத்திருக்கும். பெரும்பாலும் தனியாக, குறுகலான வாய்க்காலிலோ கோரைக்கு இடையிலுள்ள ஒடுங்கிய நீரிலோ இருக்கும். நாம் எதிர்பாராத நேரத்தில் உரக்கக் குரலெழுப்பிக்கொண்டு உயரக் கிளம்பினால், இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பாகவும், வாலடி (வால் தொடங்கும் இடத்தின் மேற்புறம்) பளிச்சென்று வெள்ளையாகவும் தெரியும். பொரி உள்ளானுக்கும் வாலடி வெள்ளைதான். இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் வெளிறியிருக்கும். ஆகவே வெள்ளை வாலடியை மட்டும் பார்த்துவிட்டு முடிவுசெய்யக் கூடாது.

பறவையின் அளவைத் தனியாக மதிப்பிடுவதும் ஏமாற்றும். வெற்றுச் சேற்றில் தன்னந்தனியாக நிற்கும் பறவை பெரிதா சிறிதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அருகில் நெடுங்கால் உள்ளான் ஒன்று வந்து நிற்கும்வரை காத்திருப்பதே நல்ல வழி. எங்கும் காணக்கிடைக்கும் பறவை என்று அதைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்; எனக்கோ மற்றவற்றை அளக்கும் கோல் அதுதான். பச்சைக்காலி அதன் பக்கத்தில் தடித்த உடலும் சற்றே மேல்வளைந்த உறுதியான அலகுமாகத் தெரியும். சதுப்புமண் உள்ளானோ ஊசிபோன்ற நேரான அலகும் ஒடிசலான உடலுமாகத் தெரியும். இரண்டும் தனித்தனியே நின்றால் தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு எச்சரிக்கை தேவை. நெடுங்கால் உள்ளானைச் சிலர் பவளக்கால் உள்ளான் என்பார்கள். பவளக்காலி என்பது வேறு பறவை. நெட்டைக்காலி என்று கேட்டதும் நீண்ட காலுள்ள நீர்ப்பறவையை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது வயல்வெளியில் வாழும், வானம்பாடியை ஒத்த சிறு பறவை. உடன் வருகிறவர் சொல்லும் பெயர் எந்தப் பறவையைக் குறிக்கிறது என்று படத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

பறவைக்குக் கேடு செய்யும் தவறுகளில் முதன்மையானது நெருங்கிப் போவது. பறந்துபோனால்தான் தொந்தரவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது பறப்பதற்கு வெகு முன்பே தொந்தரவு தொடங்கிவிடுகிறது. மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்தி அசையாமல் நிற்பது, பிறகு மேயாமல் நம்மிடமிருந்து விலகி நடப்பது, கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்புவது ஆகிய மூன்றும் நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்பதற்கான அடையாளங்கள். அப்போது உடனே பின்வாங்க வேண்டும். இதைவிடக் கொடியது, பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டுவதும் கல்லெறிவதும். கண்ணெதிரே இதைக் கண்டு நெஞ்சு பதைத்திருக்கிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தப் பறவைகள் வடக்கு நோக்கிய பயணத்துக்காக உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீண் பறப்பும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வரும்போது கூட்டம் தானாகவே எழும். படமெடுப்பவர் அதற்குக் காத்திருக்கலாம். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவதும் ட்ரோன் பறக்கவிடுவதும் அறவே கூடாது.

கோடையில் வலசைப்பறவைகள் போய்விட்டன, இனி எங்கும் நடக்கலாம் என்று நினைப்பதும் தவறு. நெடுங்கால் உள்ளானும் சிவப்புமூக்கு ஆள்காட்டியும் இங்கேயே, திறந்த தரையில் முட்டையிடுபவை. ஒரு மே மாதக் காலையில், கரையோரம் ஒரு நெடுங்கால் உள்ளான் இறக்கையைத் தரையில் பரப்பித் தள்ளாடிக்கொண்டிருந்ததைக் கண்டு, அடிபட்ட பறவை என்றெண்ணி நெருங்கினேன். நான் நெருங்க நெருங்க அது தள்ளித் தள்ளிப் போயிற்று; தலைக்கு மேலே இன்னொன்று விடாமல் கத்திக்கொண்டே வட்டமிட்டது. கீழே பார்த்தபோது, என் செருப்பிலிருந்து இரண்டு சாண் தொலைவில், காய்ந்த சேற்று மேட்டில் நான்கு முட்டைகள் கிடந்தன. மண்ணின் நிறம், அதில் மைத் தெறித்தாற்போன்ற கறுப்புப் புள்ளிகள். வந்த சுவட்டிலேயே கால்வைத்துத் திரும்பி, வெகுதொலைவு விலகி நின்று பைனாகுலரில் பார்த்தேன். சிறிது நேரத்தில் ஒரு பறவை நீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு போய் முட்டைகளின் மேல் அமர்ந்தது. நம் கோடையில் முட்டைகள் வெந்துபோகாமல் அவை காக்கும் முறை அது. பெற்றோரை அரை மணி நேரம் விரட்டி வைத்தால் நண்பகல் வெயிலே முட்டைகளைக் கொன்றுவிடும்; காகத்துக்கு நாமே வழிகாட்டியதாகவும் ஆகும். அடிபட்டதுபோல் நடிக்கும் பறவையையோ தலைக்கு மேல் கத்திச் சுற்றும் பறவையையோ கண்டால், அங்கேயே நின்று தரையைப் பார்த்து, வந்த வழியே திரும்ப வேண்டும். கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் எழுதவே கூடாது.

கடைசியாக, குறிப்பெழுதுவதில் நேரும் பிழைகள். சனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதலும், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதலும் நடந்துவருகின்றன. பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பட்டியல் இடலாம். இத்தகைய பதிவுகள் ஒரு சதுப்புநிலத்தைக் காக்க வாதாடும்போது சான்றாக நிற்கக்கூடியவை. எனவே பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது மட்டுமல்ல, பார்த்ததை எண்ணாமல் விடுவதும் குறையே. பெருங்கூட்டமாயின் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் நிறுத்தி, அதே அளவால் கூட்டத்தை அளந்து செல்ல வேண்டும். எளிதான பறவைகளை மட்டும் எண்ணிவிட்டு, பெயர் தெரியாதவற்றை விட்டுவிடக் கூடாது. அவற்றுக்கு அருகிலுள்ள பெயரை ஊகித்துச் சூட்டவும் கூடாது. ஈபேர்டில் இனம் உறுதிப்படாத பறவைக்கென்றே தனி இடம் உண்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என் பட்டியல்களில் “உள்ளான் வகை, இனம் உறுதியில்லை: 3” என்ற வரி அடிக்கடி இடம்பெறுகிறது.