பிரிட்ஜில் ஏறிய ஐந்து கிராம்: நரம்பு வாத்தியத்தில் புதுமை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் தக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். பாலிடெக்னிக் முடித்தவன், சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பவன். கைக்குட்டையை மேசையில் விரித்தான். உள்ளே பித்தளையில் கடைந்த ஒரு வயலின் பிரிட்ஜ், அதாவது கம்பிகளைத் தாங்கும் குதிரை. இரண்டு கால்களிலும் திருகு, திருகைச் சுற்ற வரி போட்ட குட்டிச் சக்கரம். "அண்ணே, மழைக்காலத்துல கம்பி ஏறிப் போவுதுல்லா, இதத் திருப்புனா போதும், எறங்கிரும்" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பிரிட்ஜை, இதே சக்கரத்தோடு, பதினான்கு வருடத்துக்கு முன் நான் செய்திருக்கிறேன். ஒன்றல்ல, பன்னிரண்டு.

நாகர்கோவிலில் கிட்டார், வயலின், வீணை பழுது பார்ப்பது என் தொழில். எல்லாக் கம்பியையும் ஒன்றாகக் கழற்றி சவுண்ட் போஸ்ட்டை (வயலினுக்குள் நிற்கும் சின்ன மரத் தூண்) சாய்ப்பது, நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி கட்டி பிரிட்ஜைப் பெயர்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை நடந்தால் கருவியே சொல்லிக் கொடுத்துவிடும். செய்தவனுக்கே தவறு என்று தெரியாதவை சில உண்டு. அவற்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தம் போகும் வழியில் எடை ஏற்றுவது

அந்தத் தம்பி சொன்ன தேவை நிஜமானது. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஈரம் குடித்த மேல்பலகை லேசாக உப்பும், பிரிட்ஜ் அதோடு எழும், கம்பி விரல்பலகையை விட்டு விலகும். வாசிப்பவருக்கு விரல் நோகும். வெயில் வந்தால் மறுபடி இறங்கிவிடும். உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். டபுள் பாஸ் பிரிட்ஜின் கால்களில் அப்படிச் சக்கரம் வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பெரிய உடம்பு அதைத் தாங்கும். வயலின் தாங்காது.

கோட்டாற்றில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து கடைந்து வாங்கினேன். என் இரண்டு மாத வருமானம் அதில் போனது. முதல் பிரிட்ஜை மாட்டி வில்லை இழுத்தபோது கீச்சுச் சத்தம் மறைந்து, பால் போல வந்தது நாதம். குரல் கனிந்துவிட்டது என்று வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாடகர் குழுவின் நான்கு வயலின்களிலும் மாட்டிக் கொடுத்தேன். மூன்றாவது பெஞ்சுக்கு அப்பால் வயலின் கேட்கவே இல்லை.

கம்பி சரியில்லை என்றேன். விலை கூடிய கம்பி வாங்கிப் போட்டேன். சவுண்ட் போஸ்ட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்தினேன், திரும்ப நகர்த்தினேன். மைக்கைக் குறை சொன்னேன். எட்டு மாதம் இப்படியே போனது. பிரிட்ஜ் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அது நான் செய்தது.

சுசீந்திரத்தில் ஒரு பெரியவர், ஒரு காலத்தில் சினிமா இசைக்குழுவில் வாசித்தவர். அவரிடம் கொண்டு போனேன். வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பிரிட்ஜை உள்ளங்கையில் போட்டு இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். "மக்கா, இது குதிரையில்ல, பூட்டு" என்றார். தன் பெட்டியிலிருந்து ஒரு மியூட்டை (சத்தத்தை அடக்கும் சின்னக் கவ்வி) எடுத்துத் தன் வயலின் பிரிட்ஜின் தலையில் செருகி வாசித்தார். என் பிரிட்ஜின் 'கனிந்த குரல்' அச்சு அசலாக அதிலிருந்து வந்தது. மியூட்டைக் கழற்றி வாசித்தார். அறை நிறைந்தது.

மறுநாள் நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். மேப்பிள் மர பிரிட்ஜ் 2.2 கிராம். என்னுடையது 7.4. ஒவ்வொரு வயலினிலும் கழற்ற முடியாத ஒரு மியூட்டை மாட்டி வைத்திருந்தேன்.

நடப்பது இதுதான். கம்பி மெல்லியது, தானாகக் காற்றை அசைக்க அதனால் முடியாது. அதன் அதிர்வை பிரிட்ஜ் பலகைக்குக் கடத்தினால்தான் சத்தம். வயலின் பிரிட்ஜுக்கே சொந்தமாக ஓர் ஆட்டம் உண்டு, சுமார் 3000 ஹெர்ட்ஸில். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறக்குறைய அந்தப் பகுதியில்தான். தூரத்தில் இருப்பவருக்கு வயலின் எட்டுவது அதனால். பிரிட்ஜில், அதிலும் அதன் தலையில், எடை ஏறினால் அந்த ஆட்டம் கீழே இறங்கிவிடும், உயர்ந்த அதிர்வெண்கள் பலகைக்குப் போய்ச் சேராது. பக்கத்தில் நிற்பவருக்கு அது இனிமை. கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை.

இன்றுவரை என்னை உறுத்துவது போன பணமல்ல. அந்த முதல் இனிமைதான். தவறு செய்தவனுக்கு அது பரிசு கொடுத்து அனுப்புகிறது. இப்போது கடைக்கு வருகிற பிள்ளைகளும் அதே முகத்தோடு, "அண்ணே, சவுண்டு ஸ்வீட்டாயிட்டு" என்கிறார்கள்.

பெரிய கம்பெனிகளும் இந்த வழியில் போய்ப் பார்த்திருக்கின்றன. கிப்சன் 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் தன் அக்கூஸ்டிக் கிட்டார் சிலவற்றில் திருகால் உயரம் மாற்றும் சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பி தொட்டு நிற்கும் துண்டு) வைத்தது. அந்தக் கிட்டார்களை வாங்குகிறவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு எலும்புச் சேடில் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்தத் தவறு இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் எலெக்ட்ரிக் கிட்டார் வீடியோக்கள் என்று நினைக்கிறேன். பித்தளை சேடில், கனமான உலோகப் பிளாக், கார்வை நீள்கிறது என்று காட்டுவார்கள். அங்கே அதில் நியாயம் உண்டு. எலெக்ட்ரிக்கில் கம்பியின் அதிர்வை அதன் அடியிலுள்ள காந்தப் பிக்கப் நேராக எடுத்துக்கொள்கிறது. கட்டை அசைய வேண்டியதில்லை. அசையாமல் இருந்தால் சக்தி கம்பியிலேயே தங்கும், கார்வை நீளும். வயலினுக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் சக்தி கம்பியை விட்டு வெளியே வந்தாக வேண்டும். ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு நோய்.

வீணைக் குதிரையில் வெண்கலத் தகடு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தகட்டின் வேலை எடையல்ல, வளைவு. கம்பி அதன் மேல் மெல்ல உரசி எழுவதில்தான் வீணையின் நாதம் இருக்கிறது. அந்த வளைவை அரத்தால் 'நேராக்கி' வந்த ஒரு வீணையைச் சரிசெய்ய எனக்கு நான்கு நாள் ஆனது.

ஏதாவது ஒன்றை பிரிட்ஜில் மாட்ட நினைத்தால், லேத்துக்குப் போகும் முன் ஒரு கிராம் மெழுகை உருட்டி பிரிட்ஜின் தலையில் ஒட்டுங்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் முப்பது அடி தள்ளி, முதுகைக் காட்டி நில்லுங்கள். மெழுகு இருக்கும்போது ஒரு தடவை, இல்லாதபோது ஒரு தடவை, எது எப்போது என்று உங்களுக்குச் சொல்லாமல் அவர் வாசிக்கட்டும். செலவு ஒன்றுமில்லை. இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பன்னிரண்டும் பித்தளைக் கம்பியாகவே இருந்திருக்கும்.

உயரத்துக்கு என்ன வழி என்றால், இரண்டு பிரிட்ஜ். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு அதைவிட அரை மில்லிமீட்டர் உயரமாக ஒன்று. இரண்டும் மேப்பிள். காலுக்கு அடியில் பென்சிலால் 'ம', 'வெ' என்று குறித்துப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டால் போதும்.

மூட்டு போடும் இடம் நடுவாக இருப்பது

தோவாளைப் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றில் இருக்கிற இளைஞன், பஸ்ஸில் கொண்டு போக வசதியாக வில்லை இரண்டாகப் பிரித்து நடுவில் இரும்புக் குழாய் மூட்டு போட்டான். யோசனை நல்லது, இடம் தவறு. நாண் ஏற்றிய வில்லில் வளைக்கும் விசை அதிகம் விழுவது நடுவில்தான், ஏனென்றால் நாணுக்கும் வில்லுக்கும் இடைவெளி அங்கேதான் மிகுதி. குடத்தின் கழுத்தில் வைத்துக் கட்டுகிற இடமும் அதுவே. நாணில் அடிக்கும் வீசுகோல் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் மூட்டு கடகடத்தது, மணிச் சத்தத்தையே அது தின்றது. வில்லை மூன்று துண்டாக்கி, மூட்டுகளை இரு முனைப் பக்கமும் தள்ளினோம். விசையும் அங்கே குறைவு, குடத்திலும் படாது. கோயில் கொடை விழாக்களுக்கு இப்போது அந்த வில்தான் போகிறது.

ஃப்ரெட்டை ஃப்ரெட்டிலிருந்து அளப்பது

கிட்டார் விரல்பலகையில் பதிக்கும் உலோகப் பட்டைதான் ஃப்ரெட். ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே (தலைப்பக்கம் கம்பி உட்காரும் துண்டு) அளக்க வேண்டும். 648 மில்லிமீட்டர் கம்பி நீளத்தை ஃப்ரெட் கணக்கின் நிலையான எண்ணான 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 36.37 மில்லிமீட்டரில் வரும், பன்னிரண்டாவது சரியாக 324இல். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

எபாக்சி

பிரிக்க வேண்டி வரும் எந்த மூட்டிலும் போடாதீர்கள். வஜ்ரம் (மாட்டுத்தோல் பசை) போடுங்கள்.

மார்த்தாண்டத்து மரம், ஆரல்வாய்மொழிக் காற்று

மரம் வந்த ஊரின் ஈரம் வேறு, வாசிக்கும் ஊரின் ஈரம் வேறு. பலாவோ அயனியோ, கருவி எங்கே வாசிக்கப்படுமோ அந்த ஊர்க் காற்றில் சில மாதம் கிடக்கட்டும். பிறகு உளியை எடுங்கள்.

வீடியோ முதலில், விண்ணப்பம் பிறகு

நல்லதாக ஒன்று கைக்கு வந்துவிட்டால், காப்புரிமை வேண்டுமென்றால், யாருக்கும் காட்டும் முன் விண்ணப்பம் போக வேண்டும். நீங்களே போடும் வீடியோவும் பகிரங்கப்படுத்தியதாகத்தான் கணக்கு. அதற்குப் பிறகு அது 'புதியது' இல்லை. தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்தால் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். நமக்குச் சென்னை கிண்டி அலுவலகம், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்.

தக்கலைத் தம்பி தன் பித்தளை பிரிட்ஜை ஏற்கெனவே வீடியோ போட்டுவிட்டான். மெழுகை ஒட்டி அவனுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தராசைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாக நிறுக்க ஆரம்பித்தான்: மியூட், ஃபைன் டியூனர், டெயில்பீஸ்.