விளக்குக்கு மானியம், ரோந்துக்கு ஆள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் மோட்டார் சைக்கிள் திருட்டு ஓயவே இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் மானிய மனுவோ போன வேகத்தில் திரும்பி வரும். 'பாதுகாப்பு மேம்பாடு' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யார் பணம் தருவார்கள்?

இந்த முறை இரவில் கீழே இறங்கி, எரியாத விளக்குகளைப் படம் எடுத்து, எந்தத் தூண் என்று குறித்தேன். கடைகளின் விலைப்பட்டியல், சங்கப் பதிவுச் சான்றிதழ், ஆண்டுக்கூட்டக் குறிப்பு, சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இணைத்தேன். (பொருளாளர் அண்ணனிடம் கணக்குப் புத்தகம் வாங்குவதுதான் பெரும்பாடு!)

அப்புறம், 1975 முதல் மலேசியாவில் இருக்கும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் அமைப்பு வழியாக ரோந்துக்கு ஆள் சேர்த்தோம். மலாய், சீன அண்டைவீட்டாரும் வந்தார்கள். மானியம் சின்னதுதான், விளக்குக்கும் ஒளிரும் மேலங்கிக்கும் போதும். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த மனுவுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.