நினைவூட்டல் வராததற்குக் காரணம் இரண்டாவது திரை

விண்டோஸ் 10 டெஸ்க்டாப்பில் ஒட்டி வைத்த குறிப்புகளுக்கு நேரம் குறித்திருந்தேன். சில நாள் நினைவூட்டல் சரியாக வரும், சில நாள் சத்தமே இருக்காது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், நேர மண்டலம், ஒலி அளவு எல்லாம் பார்த்தேன். பலனில்லை.

அப்புறம் தற்செயலாக அறிவிப்புப் பலகையைத் திறந்தால், தவறிய நினைவூட்டல்கள் எல்லாம் உரிய நேரத்தோடு அங்கே வரிசையாகக் கிடந்தன! அப்படியென்றால் செயலி தன் வேலையைச் செய்திருக்கிறது. திரையில் எழும்பவிடாமல் வேறு ஏதோ தடுக்கிறது. பலகையின் ஐகானில் சின்னதாக ஒரு பிறை நிலா. பெரிய திரையை இணைத்ததும் அது தோன்றியது, கழற்றியதும் மறைந்தது.

அமைப்புகளில் 'ஃபோகஸ் அசிஸ்ட்' (Focus assist, அறிவிப்புத் தொந்தரவைத் தடுக்கும் வசதி) பகுதிக்குள் தானியங்கி விதிகள் இருக்கின்றன. அதில் ஒன்று, ஒரே காட்சியை இரண்டு திரையிலும் காட்டும்போது அறிவிப்புகளை அடக்கிவிடும். பலர் முன்னால் திரையைக் காட்டும்போது சொந்தக் குறிப்பு எழும்பக் கூடாதே, அதற்காக. நல்ல விதிதான், அதனால் அணைக்கவில்லை. அதை 'முன்னுரிமை மட்டும்' என்று மாற்றி, குறிப்புச் செயலியை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தேன். இப்போது ஒன்றுகூடத் தவறுவதில்லை, நிம்மதி.

முழுத்திரையில் வேலை செய்பவர்களும் அதே இடத்தைப் பாருங்கள். அதற்கும் தனி விதி உண்டு.