யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர்: வெவ்வேறு வயதுப் பிள்ளைகளோடு முதல்முறை செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுத் தேர்வுகள் முடிவதற்கு முன்பே திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். குடும்பத்தோடு முதல்முறையாகச் சிங்கப்பூர் போகிறோம், ஒரு நாளை யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கிறோம், பிள்ளைகள் மூன்று பேர் என்று பேச்சு ஆரம்பிக்கும். பயண ஏற்பாட்டுத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எங்கெங்கே சறுக்கினோமோ அங்கேயேதான் இன்றும் புதியவர்கள் சறுக்குகிறார்கள். தொப்பி, குடை, காலுக்குப் பழகிய செருப்பு, கடவுச்சீட்டின் நகல் ஆகியவற்றைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. வீட்டில் யாரும் யோசித்துப் பார்க்காதவையும், பணத்தையும் ஒரு நாளையும் சேர்த்து விழுங்குபவையுமான சில தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வந்திறங்கிய அன்றே பூங்காவுக்குப் போவது

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானங்களில் பல, நள்ளிரவை ஒட்டிக் கிளம்பிக் காலையில் அங்கே இறங்குகின்றன. பறக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் என்பதாலும், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதாலும், பிள்ளைகளுக்கு அன்றைய இரவுத் தூக்கம் என்பதே இல்லாமல் போகிறது. விடுதி அறையோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கைக்கு வரும். அதுவரை சும்மா இருப்பானேன், யுனிவர்சலை முடித்துவிடலாமே என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். பதினான்கு வயதுப் பையன் எப்படியோ தாக்குப்பிடித்துவிடுவான். ஐந்து வயதுப் பிள்ளை உச்சி வெயிலில் தோளில் சாய்ந்து தூங்கிவிடும். அந்தக் கணத்திலிருந்து பெற்றோரில் ஒருவர் எதிலும் ஏற முடியாது. முதல் நாளுக்குக் கார்டன்ஸ் பை தி பேயின் திறந்தவெளித் தோட்டங்களைப் போல, பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினாலும் பணம் வீணாகாத இடத்தை வைத்துக்கொள்வதே நல்லது.

பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி எக்ஸ்பிரஸ் வாங்குவது

இந்த ஒரு தவறைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த விடுமுறையில் வேறொரு குடும்பம் இதையே செய்துகொண்டு வந்து நிற்கிறது.

நீண்ட வரிசையில் நிற்காமல் தனி வழியில் விரைவாகச் செல்வதற்கான அனுமதிதான் எக்ஸ்பிரஸ். நுழைவுச் சீட்டு இதில் அடங்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்பிரஸின் விலை நாளுக்கு நாள் மாறும். நெரிசலான நாட்களில் நுழைவுச் சீட்டின் விலையை எட்டும், சில நாட்களில் அதையும் தாண்டும். ஆக, ஆறு பேர் உள்ள குடும்பம் எல்லாருக்கும் எக்ஸ்பிரஸ் வாங்கினால், அந்தப் பூங்காவுக்குள் இரண்டு முறை போய்வரும் அளவுக்குச் செலவு செய்கிறது என்று பொருள்.

நுழைவுச் சீட்டு வயதை வைத்து விற்கப்படுகிறது. 4 முதல் 12 வயது வரை குழந்தைகளுக்கான கட்டணம், 13 முதல் பெரியவர் கட்டணம், 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். ஆனால் சவாரிகளில் ஏற்றும் இடத்தில் யாரும் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். நம் நாட்டு வொண்டர்லா பூங்காவுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது குழப்பத்தைத் தருகிறது. அங்கே குழந்தைச் சீட்டே உயரத்தை வைத்துத்தான் தரப்படுகிறது என்பதால், யாரால் ஏற முடியும், யாரால் முடியாது என்ற எண்ணம் வாசலிலேயே வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் வயதைச் சொல்லி, பணத்தைக் கட்டி, உள்ளே நடந்து, ஒரு சவாரியின் வாயிலில் அளவுப் பலகைக்கு முன்னால் நிற்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றோடு நானும் சென்றிருந்தேன். அப்பா, அம்மா, பாட்டி, 14 வயதுப் பையன், 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண். ஆறு பேருக்கும் எக்ஸ்பிரஸ் வாங்கச் சொல்லி ஒரு முகவர் அவர்களிடம் முன்பே விற்றிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியின் வாயிலில் அந்தச் சிறுமி பலகையை ஒட்டி நின்று குதிகாலை மெல்ல உயர்த்தினாள். பணியாளர் சிரித்துக்கொண்டே அவள் காலணியை விரலால் தட்டினார், குதிகால் இறங்கியது. தலையில் கட்டியிருந்த ரிப்பன் கோட்டைத் தொட்டது, தலை தொடவில்லை.

"அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குதுங்க" என்றார் அம்மா.

அந்தப் பணியாளர் தமிழ்ப் பெண்தான். "வயசு கேக்கலக்கா, உயரந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அளக்கப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை. பாதுகாப்புக் கம்பி குழந்தையின் உடலில் எந்த இடத்தில் படிகிறது என்பதை வைத்து வகுக்கப்பட்ட எல்லையை, யார் கெஞ்சினாலும் அவர் தளர்த்த முடியாது, தளர்த்தவும் கூடாது. அன்று மாலை வரை அந்தச் சிறுமியின் எக்ஸ்பிரஸால் உண்மையில் பயன் கிடைத்தது ஓரிரு சவாரிகளில்தான். பாட்டியின் எக்ஸ்பிரஸ் கைப்பையைவிட்டு வெளியே வரவேயில்லை. ஏன் எல்லாருக்கும் வாங்கினீர்கள் என்று பிறகு கேட்டபோது அந்த அம்மா சொன்ன பதில் இது: "ஒருத்திக்கு மட்டும் வாங்காம விட்டா அவ மனசு கஷ்டப்படாதா?" தீபாவளிக்குத் துணி எடுப்பதுபோல எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக வாங்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான் இங்கே ஆயிரக்கணக்கான ரூபாயைக் கரைக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு எக்ஸ்பிரஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அண்ணன்கள் ஏறும் சவாரியின் வாசல் வரை தன்னையும் அழைத்துப்போய்த் திருப்பி அனுப்பினார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோரம் நிறுத்தி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை குறைந்தபட்ச உயரங்கள் இவை: கேனபி ஃப்ளையருக்கும் என்சான்டட் ஏர்வேஸுக்கும் 92 செ.மீ., புஸ் இன் பூட்ஸுக்கு 100, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, நீரில் நனைந்து செல்லும் ஜுராசிக் பார்க் ராப்பிட்ஸுக்கு 107, மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டரின் இரு தடங்களுக்கும் 125. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும். ஜனவரியில் முன்பதிவு செய்துவிட்டு மே மாதம் செல்பவர்கள் கிளம்பும் வாரத்தில் மறுபடியும் அளக்க வேண்டும். அந்த இடைவெளியில் பிள்ளை எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

இந்த எண்களை உங்கள் பிள்ளைகளின் உயரத்தோடு ஒப்பிட்டால் விடை தானாகக் கிடைக்கும். 97 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு நீண்ட வரிசை கொண்ட பெரிய சவாரிகள் ஏறக்குறைய எல்லாமே மூடிய கதவுகள்தான். அதற்கு எக்ஸ்பிரஸ் தேவையில்லை. 118 செ.மீ. உள்ள பிள்ளை டிரான்ஸ்ஃபார்மர்ஸிலும் ராப்பிட்ஸிலும் ஏறலாம், மம்மியில் ஏற முடியாது; இங்கேதான் சற்று யோசிக்க வேண்டும். 128 செ.மீ. உள்ள 9 வயதுப் பையனுக்கு எல்லாம் திறந்திருப்பதால், அவனுக்கும் அவனோடு ஏறும் பெற்றோர் ஒருவருக்கும் வாங்குவதில் பொருள் உண்டு. 14 வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் வாங்க வேண்டாம். பெரிய சவாரிகள் சிலவற்றில் தனியாக வருபவர்களுக்கென்று 'சிங்கிள் ரைடர்' வரிசை இருக்கிறது. காலியாக இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்கார வைப்பார்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. பக்கத்தில் முன்பின் தெரியாதவர் இருந்தால் அந்த வயதில் யாரும் கவலைப்படுவதில்லை. பெரியவர் துணையின்றி ஏறும் உயரம் இல்லாத பிள்ளைகளை மட்டும் அந்த வரிசையில் விடக்கூடாது.

சின்னப் பிள்ளையின் முறை பிற்பகலுக்குத் தள்ளப்படுவது

வாயில் திறந்தவுடன் எல்லாரும் பெரிய சவாரிகளை நோக்கி ஓடுகிறார்கள். சிறியவளுக்குரியவற்றில் கூட்டமிருக்காது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நினைப்பு. கேனபி ஃப்ளையரின் இருக்கைகள் ஒரே சமயத்தில் மிகச் சிலரைத்தான் ஏற்றிச் செல்லும்; அதன் வரிசை குட்டையாகத் தெரிந்தாலும் ஆமை வேகத்தில் நகரும். சிறியவள் ஏறக்கூடிய, மனம் துள்ளும்படியான சவாரி அதுவாக இருந்தால், காலையில் முதல் வேலையாக அங்கே போங்கள். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினியன் லேண்ட் பகுதிக்கும் இது பொருந்தும்.

யாரும் பிரியக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது

குடும்பமாக வந்துவிட்டுத் தனித்தனியாகச் சுற்றுவதா என்று பாட்டிமார் கேட்பார்கள். ஒன்பது வயது வித்தியாசமுள்ள பிள்ளைகளை நாள் முழுவதும் ஒரே வரிசையில் நிறுத்தினால், பெரியவன் கைப்பேசியில் மூழ்குவான், சிறியவள் அழுவாள், நடுவில் இருப்பவன் இருவரையும் சீண்டுவான். பூங்கா பெரிதன்று, நடுவிலுள்ள நீர்நிலையைச் சுற்றித்தான் எல்லாப் பகுதிகளும் அமைந்திருப்பதால், எங்கே இருந்தாலும் சந்திக்கும் இடத்துக்குச் சில நிமிடங்களில் வந்துவிடலாம். காலையில் இரண்டு குழுவாகப் பிரிந்து, மதிய உணவுக்குக் கூடி, பிற்பகலில் எல்லாரும் ஏறக்கூடியவற்றுக்குச் சேர்ந்து செல்வதே எங்களிடம் வரும் குடும்பங்களுக்கு நான் போட்டுத்தரும் திட்டம். பெற்றோர் இருவரிடமும், தனியாகப் போகும் பையனிடமும் வேலை செய்யும் உள்ளூர் சிம் இருக்க வேண்டும்.

பெற்றோர் இருவரும் ஒரே பெரிய சவாரியில் ஏற ஆசைப்பட்டால், 'சைல்ட் ஸ்விட்ச்' என்ற ஏற்பாட்டைக் கேளுங்கள். ஒருவர் ஏறி இறங்கும் வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்துவிட்டு, மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். எந்தச் சவாரியில் அன்று உண்டு என்பதை வரிசையில் சேர்வதற்கு முன்பே வாயிலில் நிற்கும் பணியாளரிடம் கேட்க வேண்டும். பாதி வரிசையைக் கடந்தபின் கேட்டுப் பயனில்லை.

இதோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டியைப் பைகளுக்குக் காவலாக நாள் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பூட்டுப்பெட்டிகள் இருக்கின்றன. வாட்டர்வேர்ல்டு என்ற தண்ணீர்ச் சாகச நிகழ்ச்சிக்கு நேரத்தோடு போனால், நனையாத பின்வரிசையில் பாட்டியும் பேத்தியும் நிம்மதியாக அமர்ந்து பார்க்கலாம். செசமி ஸ்ட்ரீட் சவாரியில் இருவரும் சேர்ந்தே ஏறலாம்.

காலையிலேயே ராப்பிட்ஸில் நனைவது

வேண்டாம். ஈர ஜீன்ஸோடு மாலை வரை நடக்க முடியாது.

மே மாதக் கடைசியைத் தேர்ந்தெடுப்பது

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆண்டு நடு விடுமுறை மே மாத இறுதியில் தொடங்கி ஜூன் பிற்பகுதி வரை நீடிக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியிலேயே விடுமுறை வந்துவிட்டால், மே முதல் பாதியின் சாதாரண வார நாள் ஒன்றில் போய்வந்துவிடுங்கள். அங்கே மே 1 பொது விடுமுறை. விசாக தின விடுமுறையும் அம்மாதத்தில்தான் பெரும்பாலும் வரும்.

மதியம் 1 மணிக்குச் சாப்பிடக் கிளம்புவது

11.30-க்குச் சாப்பிடுங்கள். இல்லையேல் 2.30-க்கு.

கடைக்குள் காலையிலேயே நுழைவது

நினைவுப் பொருட்களின் பெரிய கடை வாயிலருகே இருப்பதால் திரும்பும்போது போகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இத்தனை டாலர் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே மூவருக்கும் ஒரே தொகை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மழைக்கு இடம் விடாமல் திட்டமிடுவது

ஏப்ரல், மே மாதங்களில் சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை வெகு சாதாரணம். மின்னல் எச்சரிக்கை வந்தால் பேட்டில்ஸ்டார், கேனபி ஃப்ளையர் போன்ற திறந்தவெளிச் சவாரிகளை உடனே நிறுத்திவிடுவார்கள்; எப்போது மீண்டும் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, மழைக்காகச் சீட்டுப் பணமும் திரும்பாது. நனைய வைக்கும் ராப்பிட்ஸைத் தவிர, திறந்தவெளியில் உள்ளவற்றை முற்பகலிலேயே முடித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, செசமி ஸ்ட்ரீட் ஆகிய கூரைக்குள் இருப்பவற்றை 2 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள். 9 வயதுப் பையனுக்கு வாங்கிய எக்ஸ்பிரஸ் அப்போதுதான் கைகொடுக்கும்.