பணம் போச்சு, பொருள் வரலை: சண்டைக்கு முன்னால் செய்ய வேண்டியது

போன வருஷம் ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு அக்காவிடம் 1,850 ரூபாய்க்கு ஒரு காட்டன் சேலை எடுத்தேன். அவர் அனுப்பிய கியூஆரில் பணம் போட்டேன், என் கணக்கில் கழிந்துவிட்டது, அவரோ வரவே இல்லை என்கிறார். இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் சண்டை. நான் அவரை ஏமாற்றுக்காரி என்று நினைக்க, அவரும் என்னை அப்படியே நினைக்க, கடைசியில் பார்த்தால் பணம் இரண்டு வங்கிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் தானாகவே திரும்பி வந்துவிட்டது.

அதனால் முதலில் பணம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யூடிஆர் எண், அதாவது அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண், இருக்கும். அதை விற்பவருக்கு அனுப்பி, அவருடைய ஸ்டேட்மென்ட்டில் தேடச் சொல்லுங்கள். அங்கே இல்லையென்றால் ஆப்பிலேயே புகார் பதியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கடைக் கணக்குக்குப் போட்ட யூபிஐ பணம் சேராவிட்டால் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும், தனிநபர் கணக்கு என்றால் மறுநாளே. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பலரும் இதைக் கேட்பதே இல்லை, கேளுங்கள். வங்கி 30 நாளில் சரிசெய்யாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) இணையத்திலேயே புகார் தரலாம்.

சரி, பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, பொருள்தான் வரவில்லை அல்லது கிழிசலாக வந்தது என்றால்? போனில் கத்துவதை விடுங்கள், நாளைக்கு அது எதற்கும் சாட்சி ஆகாது. ஆர்டர் எண், தேதி, தொகை, உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நாலு வரி எழுதி, பார்சல் பிரித்த வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிய தளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்பவரிடமிருந்து திருப்பி வாங்கித் தரும்படி, கேட்கலாம். யூபிஐக்கு அந்தச் சௌகரியம் அவ்வளவாக இல்லை, அதனால்தான் தெரியாத கடையில் பெரிய தொகைக்கு நான் கார்டைத்தான் நீட்டுகிறேன்.

அதற்கும் மசியவில்லையா, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பார்கள், தீர்ப்பு சொல்லமாட்டார்கள். தீர்ப்பு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஆள் உங்களை பிளாக் செய்துவிட்டு மறைந்துவிட்டால் இது எதுவும் வேண்டாம், உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்புறம், ரீஃபண்ட் தருகிறேன், யூபிஐ பின் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எதற்கு?

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை அனுப்பாதீர்கள், உங்கள் கணக்கில் வரவைப் பார்த்த பிறகு பேக் செய்யுங்கள். பேக் செய்வதை வீடியோ எடுத்து, எடை போட்ட கூரியர் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார். சேலை எனக்கு வந்து சேர்ந்தது, ரசீது படத்தோடு.