ஒரு மேப்பிள் பலகையில் மேஷ் துடுப்பு

அமெரிக்காவில் இருந்துகொண்டு வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் அங்கே இது முடிகிறது, வயது வந்த ஒருவர் வருடத்துக்கு 100 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் இது குற்றம், ஊரில் இருப்பவர்கள் இறங்க வேண்டாம்.

முளைகட்டி உலர்த்திய தானியத்தை (மால்ட், பெரும்பாலும் பார்லி) சுடுதண்ணீரில் ஊறவைத்து அதன் மாவைச் சர்க்கரையாக்குவதுதான் மேஷ், அதைக் கிளறுவதற்குத்தான் இந்தத் துடுப்பு. கடையில் விற்கும் துடுப்புக்குப் பணம் கொடுக்கவே தேவையில்லை, நாமே செய்துகொள்ளலாம். ஆனால் துடுப்பு கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் 5 கேலன் பீருக்குச் சுமார் 10 பவுண்டு மால்ட் போகும், அதைச் சுடுதண்ணீரில் கொட்டினால் கேழ்வரகுக் களி மாதிரி கட்டி கட்டியாகிவிடும், கட்டிக்குள் இருக்கும் மாவுக்குத் தண்ணீரே போய்ச் சேராது, சர்க்கரையும் கிடைக்காது. துடுப்பில் இருக்கும் ஓட்டைகள்தான் அந்தக் கட்டிகளை உடைக்கின்றன.

மரம் ஹார்ட் மேப்பிளாக இருக்கட்டும். கடையில் 1x4 என்று கேளுங்கள், கைக்கு வருவது முக்கால் அங்குல தடிமன், மூன்றரை அங்குல அகலம், அது போதும். பைனில் பிசின் இருக்கிறது, வேண்டாம். ரெட் ஓக் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு சின்னத் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதிப் பாருங்கள், குமிழி வரும், அவ்வளவு துளை. பிளைவுட், மருந்தேற்றிய பலகை, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பேலட் கட்டை எதுவும் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. அலமாரி செய்யும் பட்டறைகளில் மேப்பிள் வெட்டுத்துண்டு மிஞ்சும், கேட்டுப் பாருங்கள்.

நீளத்துக்கு, பாத்திரத்தின் ஆழத்தோடு குறைந்தது ஒரு அடி சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கை ஆவியிலேயே இருக்கும். கீழே பத்து அங்குலம் முழு அகலத்தில் அலகு, அதற்கு மேல் ஒன்றரை அங்குலமாகக் குறுகும் கைப்பிடி. வடிவம் வெட்டுவதற்கு முன்பே ஓட்டைகளைப் போட்டுவிடுங்கள், பலகையின் ஓரங்கள் நேராக இருக்கும்போதுதான் கிளாம்ப் ஒழுங்காகப் பிடிக்கும். டிரில்லில் மாட்டும் தட்டையான ஒரு அங்குல ஸ்பேட் பிட்டில் ஐந்தாறு ஓட்டை: முனை மட்டும் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து முடித்தால் விளிம்பு பிய்யாது. அப்புறம் ஜிக்ஸா ரம்பத்தில் வெட்டி மூலைகளை உருட்டிவிடுங்கள்.

தேய்ப்பதில்தான் பொறுமை வேண்டும். 80, 120, 220 என்று உப்புத்தாள் மாற்றிக்கொண்டே போய், முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், நார் எழுந்து சொரசொரப்பாகிவிடும், மறுபடி 220. ஓட்டையின் உள்பக்கத்துக்கு உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றித் தேயுங்கள், மால்ட் உமி ஒட்டிக்கொள்வது அங்கேதான்.

வார்னிஷ் வேண்டாம். கடையில் கிடைக்கும் 'பாயில்டு' ஆளிவிதை எண்ணெயில் உலோக உலர்த்திகள் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம். ஒன்றும் பூசாமல், ஒரு முறை கொதிநீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான் என் முறை.

இன்னொரு வேலையும் செய்யலாம். பாத்திரத்தில் ஒவ்வொரு கேலனாக அளந்து ஊற்றி, துடுப்பை அடிவரை நிமிர்த்தி நிறுத்தி, நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, பிறகு கத்தியால் கீறிவிட்டால் அதுவே அளவுகோல். அந்தப் பாத்திரத்துக்கு மட்டும்தான் செல்லும். கொதிக்கும்போது 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும், கழித்துக்கொள்ளுங்கள்.

வோர்ட், அதாவது மால்ட்டிலிருந்து வடித்த இனிப்பு நீர், கொதித்து ஆறிய பிறகு இந்தத் துடுப்பு அதைத் தொடவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் மரத்தின் துளைகளில் புளிக்கவைக்கும் லாக்டோபேசிலஸ் பாக்டீரியா தங்கும், பீர் புளித்துவிடும். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் இதே குணத்தைப் பயன்படுத்தி மரவளையங்களில் ஈஸ்ட்டைக் காயவைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுத்தார்கள், ஆனால் அது அவர்கள் வேண்டுமென்றே வளர்த்த ஈஸ்ட்.

வேலை முடிந்ததும் சுடுதண்ணீரில் கழுவி, கைப்பிடி முனையில் ஒரு ஓட்டை போட்டுக் காற்றாடத் தொங்கவிடுங்கள். டிஷ்வாஷரில் போட்டால் வெடிக்கும். வெடிப்பு விழுந்த துடுப்பை ஒட்டிப் பயன்படுத்தாமல் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.