குழந்தைக் காப்பகப் பணியாளருக்கு எந்தப் பயிற்சிகள் கட்டாயம் வேண்டும்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ காப்பகம் நடத்துபவர், வேலைக்குச் சேரும் பணியாளரின் முதலுதவிச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு நின்றுவிடக் கூடாது. மூச்சடைத்த குழந்தையை எப்படிப் பிடிப்பார் என்று பயிற்சிப் பொம்மையில் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். கை பழகாத முதலுதவி பதற்றத்தில் நினைவுக்கு வராது.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைத்து, அழவோ இருமவோ முடியாமல் போனால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்தி, இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். குழந்தை நினைவிழந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் உடனே சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சுக் கொடுக்கும் உயிர்காப்பு முதலுதவி) தொடங்க வேண்டும். ஒரு வயதைக் கடந்தவர்களுக்கு நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றில் அழுத்துவதால், அதையும் தனியாகப் பழக வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு வேர்க்கடலை, முழுத் திராட்சை, ஏத்தங்காய் சிப்ஸ் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது.

குளமும் கால்வாயும் கிணறும் வீடுகளை ஒட்டியே இருக்கும் நம் மாவட்டத்தில் நீர்ப் பாதுகாப்பை இரண்டாம் இடத்துக்குத் தள்ள முடியாது. வாளித் தண்ணீரிலும் குழந்தை மூழ்கலாம் என்பதால், குளிப்பாட்டி முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவைப்பதும், இடம் மாறும்போதெல்லாம் தலைகளை எண்ணுவதும் பழக்கமாக வேண்டும். மூழ்கிய குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது ஆகியவை பொன்னான நேரத்தை வீணாக்கும் வழக்கங்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும்.

சோப்புப் போட்டுக் கை கழுவுதல், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொடியைப் பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் கலக்குதல், கைக்குழந்தையை மல்லாக்கவே உறங்கவைத்தல் ஆகியவற்றை ஒரே நாளில் கற்பித்துவிடலாம். குளச்சல் போன்ற கடலோர ஊர்களில், 2004 சுனாமியை நினைவில் கொண்டு, நடக்கத் தெரியாத குழந்தைகளை யார் யார் தூக்கிச் செல்வது என்று முன்பே பிரித்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

பாலியல் வன்முறை குறித்த பயிற்சியைத் தயக்கத்தால் தவிர்ப்பவர்கள் உண்டு. அது குழந்தைக்குச் செய்யும் துரோகம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் 6 மாதம் வரையும், தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைக்கப் பணியாளருக்குக் கற்றுத்தர வேண்டும். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் எழுதிவைக்கலாம்.

இவற்றைச் செய்துகாட்டும் வரை, புதிய பணியாளரைக் குழந்தைகளுடன் தனியே விடக் கூடாது.